புள்ளிக் கணக்கைக் கணினியில் ஏற்றிய அனுபவம்

எங்கள் வீட்டில் பங்கு உள்ள புள்ளிகள், அதாவது மணமான தம்பதிகள், 17. மணமான பிள்ளைகளையும் தனித்தனியாக எண்ணினால் 43. பெண் கொடுத்த இடங்களையும் சேர்த்தால், நல்லது கெட்டது எதுவானாலும் தவறாமல் சொல்லியாகவேண்டிய வீடுகள் 112. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில், ஒரு தெருவில் முகப்பைத் தொடங்கி மறுதெருவில் பின்கட்டை முடிக்கும் வீடு அது. இன்று அதில் நிரந்தரமாகக் குடியிருப்பவர் எவரும் இல்லை. பங்காளிகள் சென்னை, கோவை, பெங்களூரு, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று பிரிந்து வாழ்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) கூடுகிறோம், ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றுகிறோம், அந்தச் செலவைப் பங்குப்படி பிரித்துக்கொள்கிறோம். இந்த மூன்று காரியங்களுக்கும் அடிப்படையான ஆள்கணக்கைப் பராமரிக்கும் பொறுப்பு 2016இல் என்னிடம் வந்தது. கடையில் கிடைக்கும் தொடர்பு மேலாண்மை மென்பொருளை வாங்குவதா, நமக்கு நாமே ஒரு தரவுத்தளம் அமைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கு விடை காண எனக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. அதே கேள்வியோடு நிற்கும் சங்கங்கள், அறக்கட்டளைகள், சிறு தொழில்கள் நம் பக்கத்தில் பல இருப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். நகரத்தார் வழக்கில் மணமான தம்பதியை ஒரு புள்ளி என்பார்கள். கோயிலுக்கான வரியும் புள்ளி வரிதான். எனவே எங்கள் கணக்கில் ஒரு பதிவு என்பது ஓர் ஆளைக் குறிப்பதில்லை, ஒரு புள்ளியைக் குறிக்கிறது. மென்பொருள் வாங்கியபோது நான் யோசிக்கத் தவறியது இதைத்தான். பின்னால் வந்த சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தன.

அப்பச்சி (என் தந்தை) இந்தக் கணக்கை ஒரு நீள நோட்டில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பக்கம், அதை அடுத்து நான்கு வெற்றுப் பக்கங்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனால் அந்த வெற்றுப் பக்கங்களில் ஒன்று புதிய புள்ளிக்குப் போகும். பழைய பக்கத்தின் ஓரத்தில் புதிய பக்க எண்ணைச் சிவப்பு மையில் குறிப்பார்கள். சுவீகாரம் (தத்து) போன பிள்ளையின் பெயரை அடிக்கமாட்டார்கள். மெல்லிய கோடு ஒன்றை இழுத்து, எந்த வீட்டுக்கு எந்த ஆண்டில் போனார் என்று பக்கத்தில் எழுதுவார்கள். முகவரிகளில் சில 'இராமநாதபுரம் ஜில்லா' என்றே இருந்தன. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல் என்பதால், அந்தப் பக்கங்கள் எவ்வளவு பழையவை என்பதை அதுவே காட்டியது. அப்போது இதை வெறும் நோட்டு என்றுதான் நினைத்தேன். யோசித்து உருவாக்கிய ஓர் அமைப்பு என்பது, அதைக் கணினியில் மறுபடி கட்டும்போதுதான் புரிந்தது.

முதலில் எக்செலில் ஏற்றினேன். அதைப்பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம். ஓர் எச்சரிக்கை மட்டும். 91 என்ற நாட்டு எண்ணோடு சேர்த்துக் கைபேசி எண்ணை அடித்தால் 12 இலக்கம் ஆகிறது; அந்தக் கட்டத்தை முன்கூட்டியே 'உரை' என்று வடிவமைக்காவிட்டால் எக்செல் அதை 9.19E+11 என்று சுருக்கிக் காட்டும். அப்படித் தெரியும் நிலையிலேயே கோப்பைச் சிஎஸ்வி (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெற்று உரை) வடிவில் சேமித்துவிட்டால், கடைசி இலக்கங்கள் அந்தக் கோப்பில் இருக்கவே இருக்காது. இப்படி இழந்த அறுபதுக்கும் மேற்பட்ட எண்களை ஒவ்வொருவரிடமாகத் திரும்பக் கேட்டு வாங்கினேன்.

2018இல் ஆயத்த மென்பொருளுக்குப் போனோம். மூன்று பேர் பயன்படுத்த மாதம் 2,400 ரூபாய், ஆண்டுக்கு 28,800. அதன் நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கைபேசியிலேயே திறந்தது. சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி ஒருவர் தம் புதிய முகவரியைத் தாமே திருத்தினார். காப்பு நகல் எடுப்பதைப்பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. ஒருவரோடு கடைசியாக எப்போது பேசினோம், என்ன பேசினோம் என்பது தேதியோடு நின்றது. ஒரு வாரத்தில் எல்லாம் ஏறி முடிந்தது. நானாகக் கட்டியிருந்தால் ஆறு மாதம் ஆகியிருக்கும்.

ஆனால் அந்த மென்பொருளுக்குத் தெரிந்தவை இரண்டே இரண்டு: ஓர் ஆள், அவர் வேலை செய்யும் ஒரு நிறுவனம். புள்ளியை எதில் வைப்பது? நிறுவனம் என்ற இடத்தில் புள்ளியை வைத்து, கணவனையும் மனைவியையும் அதன் 'ஊழியர்களாக' வைத்தேன். மகனுக்குத் திருமணம் ஆனதும் அவன் ஒரு நிறுவனத்திலிருந்து விலகி இன்னொன்றில் சேர்ந்ததாக மாற்றினேன். மாற்றியவுடன், அவன் முன்பு எந்தப் புள்ளியில் இருந்தான் என்ற செய்தி அந்தத் திரையிலிருந்து மறைந்துவிட்டது. பெயர்களும் தகராறு செய்தன. பழ., கரு., அரு., சித. என்று முழு அசையாகவே எழுதப்படும் எங்கள் முன்னெழுத்துகளை, ஓரெழுத்துக்கு மட்டும் இடம் வைத்திருந்த அந்தக் கட்டம் ஏற்கவில்லை. விலாசம் என்றால் எங்களுக்கு முகவரி மட்டுமன்று, தலைமுறைகளாக வரும் குடும்ப முன்னெழுத்துத் தொடரும் அதுதான். அதை வைக்க அங்கே இடமே இல்லை.

இவற்றைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். பொறுக்க முடியாதது 2019இல் நடந்தது.

இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடித்து இணைக்கும் வசதி அந்த மென்பொருளில் இருந்தது. ஒரு நாள் அது 31 இணைகளைக் காட்டி, ஒன்றாக்கலாமா என்று கேட்டது. முதல் ஐந்தாறைப் பார்த்தேன், சரியாக இருந்தன. மீதியைப் பார்க்காமல் அனைத்துக்கும் சம்மதம் கொடுத்தேன். எங்கள் வழக்கத்தில் அப்பச்சியைப் பெற்ற ஐயாவின் பெயரைத்தான் மூத்த பேரனுக்கு வைக்கிறோம். விலாசம் ஒன்று, பெயர் ஒன்று, சொந்த ஊர் முகவரியும் ஒன்று. மென்பொருளின் கண்ணுக்கு ஐயாவும் பேரனும் ஒரே ஆள். அந்த 31இல் ஒன்பது இணைகள் அப்படிப்பட்டவை. இணைந்த பதிவுகளில் முதன்மை எண்ணாகப் பேரனின் எண் நின்றது; ஐயாவின் வீட்டுத் தொலைபேசி எண் கீழே இரண்டாவதாகப் போனது. படைப்புக்கு நாள் குறித்துச் செய்தி அனுப்பியபோது அது முதன்மை எண்ணுக்கு மட்டுமே சென்றது.

படைப்பு முடிந்த மூன்றாம் நாள், கோயம்புத்தூரிலிருந்து எனக்குப் பெரியப்பச்சி முறையாகும் 81 வயதுப் பெரியவர் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. "புள்ளிக் கணக்குலேர்ந்து எங்களை எடுத்துட்டீகளாப்பா?" என்று மட்டும் கேட்டார். சொல்லாமல் விடுவது எங்கள் பக்கத்தில் சிறிய பிழை அன்று. பல தலைமுறைப் பகை அப்படித் தொடங்கியிருக்கிறது. நானும் அண்ணனும் மறுநாளே கோவைக்கு நேரில் போனோம். திரும்பி வந்து பார்த்தால், இணைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கான 30 நாள் கெடு முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. 112 வீடுகளின் பட்டியலையும் அச்சிட்டு ஆத்தாவின் முன்னால் வைத்தேன். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) தூணோரம் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, இரண்டு பகல்களில் வரிவரியாகச் சரிபார்த்தார். "இது ஐயா, அது பேரன். பேருதானே ஒண்ணு? ஆளு ஒண்ணா?" என்று சொல்லிச்சொல்லி ஒன்பதையும் பிரித்துக் கொடுத்தார்.

இரண்டாவது பழுது இன்னும் நுட்பமானது. அதை ஆத்தாவாலும் கண்டிருக்க முடியாது. எங்கள் பாட்டையாவுக்கு மூன்று ஆண்மக்கள். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. முதல் கிளையில் இன்று 4 புள்ளிகள், ஆளுக்கு 1/12. இரண்டாம் கிளையில் 5, ஆளுக்கு 1/15. மூன்றாம் கிளையில் 8, ஆளுக்கு 1/24. மென்பொருளில் பங்குக்காக நான் சேர்த்த கட்டம் இரண்டு தசம இடங்களை மட்டுமே வைத்துக்கொண்டது. 1/12 என்பது 0.08 ஆயிற்று, 1/15 என்பது 0.07, 1/24 என்பது 0.04. அந்த ஆண்டு ஓட்டு வேலைக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் ஆன செலவு 3,60,000 ரூபாய். மென்பொருளின் கணக்குப்படி வசூல் 3,56,400 வந்தது. 3,600 ரூபாய் குறைவுதானே, யாரோ சில்லறை குறைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டோம். உண்மையில் ஒவ்வொரு கிளையும் 1,20,000 கொடுத்திருக்கவேண்டும். முதலாவதும் மூன்றாவதும் 1,15,200 கொடுத்திருந்தன; இரண்டாவது கிளை 1,26,000 கொடுத்திருந்தது. அவர்கள் கூடுதலாகக் கொடுத்த 6,000 ரூபாயை மற்ற இரண்டு கிளைகளின் குறைவு மறைத்துவிட்டதால், மொத்தத்தை மட்டும் பார்த்த என் கண்ணுக்கு அது தெரியவில்லை. பங்கைத் தசமத்தில் வைக்கக்கூடாது. தொகுதி ஒரு கட்டம், பகுதி ஒரு கட்டம் என்று பின்னமாகவே வைக்கவேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இதற்குப் பிறகுதான், 2020இல், பொறியியல் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகன், "நாமளே செஞ்சுக்குவோம் சித்தப்பச்சி, ரெண்டு மாசத்துல முடிச்சுத் தர்றேன்" என்று முன்வந்தான். மைக்ரோசாஃப்ட் அக்செஸில் செய்தான். 1992 முதல் வரும் அந்த மென்பொருள் எங்கள் அளவுக்குத் தாராளமாகப் போதும். ஒரு கோப்பு 2 ஜிபி வரை தாங்கும், எங்களுடையது இன்றும் 10 எம்பியைத் தாண்டவில்லை. அவன் செய்த அமைப்பு அருமையாக இருந்தது. புள்ளிக்கு ஓர் அட்டவணை, ஆட்களுக்கு ஓர் அட்டவணை, பங்குக்கு ஓர் அட்டவணை. ஐயாவுக்கும் பேரனுக்கும் வேறு வேறு எண் இருப்பதால் பெயர் ஒன்றானாலும் குழப்பம் இல்லை. பங்கு உள்ள புள்ளியை அழிக்க முயன்றால் அக்செஸ் மறுக்கும். உறவுகளின் அடிப்படையில் தரவை அட்டவணைகளாகப் பிரிக்கும் இந்த முறையை 1970இல் ஐபிஎம்மில் பணியாற்றிய எட்கர் காட் எழுத்தில் வைத்தார் என்று அவன் சொன்னபோது, எனக்குப் பக்க எண்களைச் சிவப்பு மையில் இணைத்த அப்பச்சியின் நோட்டு நினைவுக்கு வந்தது.

அடுத்த ஆண்டு அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. 2022இல் ஒரு பங்காளி வீட்டில் பாகம் பிரிந்து, புதிய கட்டம் ஒன்று தேவைப்பட்டது. படிவத்தைத் திறந்து திருத்தப் போனால் முடியவில்லை. யாரும் தவறுதலாகக் கைவைத்துவிடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில், வடிவமைப்பைப் பூட்டிய நகலை மட்டும் எங்களுக்குக் கொடுத்திருந்தான். அந்த வகைக் கோப்பில் படிவங்களை யாராலும் மாற்ற முடியாது. பூட்டாத மூலக் கோப்பு அவன் பழைய மடிக்கணினியில் இருந்தது. அதன் வட்டு பழுதாகிவிட்டிருந்தது. பிள்ளை அழாத குறையாக வருந்தினான். அட்டவணைகளில் இருந்த தரவை வெளியே எடுக்க முடிந்ததால் பிழைத்தோம். ஆயத்த மென்பொருளில் நிறுவனத்தை நம்பி இருப்பதைப்போலவே, சொந்தமாகக் கட்டியதில் கட்டியவரை நம்பி இருக்கிறோம். அவர் படிக்கப் போவார், மணமாகிப் போவார், உடல்நலம் குன்றலாம். சொந்தத் தரவுத்தளத்துக்குக் காசு செலவில்லை என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

2023இல் நானே கற்றுக்கொண்டு மறுபடி கட்டினேன். கணக்குவேலையில் 26 ஆண்டுகள் கழித்தவனுக்கு அது கடினமாக இல்லை. நான்கு மாத மாலைகள் ஆயின. இம்முறை அலங்காரப் படிவங்கள் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஐந்து அட்டவணைகள்: புள்ளி, ஆள், தொடர்பு, பங்கு, இருப்பு. கடைசியில் சொன்ன இருப்பு என்பதே என் அனுபவத்தில் மிக முக்கியமானது. எந்த ஆள் எந்தப் புள்ளியில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை இருந்தார் என்பதை மட்டும் அது சொல்லும். மகனுக்குத் திருமணமானால் பழைய வரியில் முடிவு நாளை இட்டு, புதிய வரி ஒன்றைத் தொடங்குகிறேன். மணமாகிப் போகும் பெண்ணுக்கும், சுவீகாரம் போகும் பிள்ளைக்கும் அதே முறை. எதையும் அழிப்பதில்லை, அப்பச்சியின் மெல்லிய கோட்டைப்போல. பங்கு அட்டவணைக்கும் அதே 'முதல், வரை' நாட்கள் உண்டு. எந்தப் பத்திரத்தின்படி என்ற கட்டமும் உண்டு.

மூலக் கோப்பு மூன்று இடங்களில் இருக்கிறது: என் கணினியில், அண்ணன் வீட்டில் ஒரு பென்டிரைவில், இணையச் சேமிப்பில். எந்த அட்டவணை எதற்கு என்று இரண்டு பக்கத்துக்குத் தமிழில் எழுதி, நோட்டின் உள்ளட்டையில் ஒட்டியிருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை முழுவதையும் அச்சிடுகிறேன். சொந்தமாகக் கட்ட நினைப்பவர்களுக்கு என் அழுத்தமான வேண்டுகோள் இதுதான்: அந்த இரண்டு பக்கத்தை எழுதி முடிக்கும்வரை வேலை முடிந்ததாகக் கொள்ளாதீர்கள். எழுதியதை வேறொருவரிடம் கொடுத்து, உங்களைக் கேட்காமல் ஒரு புள்ளியைச் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். நான் எங்கள் சிங்கப்பூர்ப் பங்காளியின் மகளிடம் கொடுத்தேன். அவளுக்கு மூன்று இடத்தில் புரியவில்லை, அந்த மூன்றையும் திருத்தி எழுதினேன்.

அக்செஸ் விண்டோஸ் கணினியில் மட்டுமே இயங்கும், கைபேசியில் திறக்காது. அதற்காக அதை விட்டுவிடவும் தேவையில்லை. செய்தி அனுப்பவும் பேசவும் கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் ஆயத்தத் தொடர்புப் பட்டியலையே பயன்படுத்துகிறேன். தரவுத்தளத்திலிருந்து பெயர், எண், கிளை ஆகிய மூன்றை மட்டும் சிஎஸ்வியாக எடுத்து அதில் ஏற்றுகிறேன். ஓட்டம் ஒரே திசையில்தான்: தரவுத்தளத்திலிருந்து கைபேசிக்கு. கைபேசியில் ஓர் எண் மாறியது தெரிந்தால் அதைத் தரவுத்தளத்தில் திருத்திவிட்டு மறுபடி ஏற்றுவேனே தவிர, கைபேசியிலிருந்து தரவுத்தளத்துக்கு எதையும் தானாகப் பாய விடமாட்டேன். இரண்டு பட்டியல்கள் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளத் தொடங்கினால், எது சரி என்று சொல்ல ஆள் இருக்காது.

எனவே எல்லோரும் சொந்தமாகவே கட்டவேண்டும் என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். ஆத்தங்குடியில் பூக்கல் (வண்ணப் பூவேலைத் தரைக்கல்) பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர், எங்கள் தரவுத்தளத்தைப் பார்த்துவிட்டுத் தமக்கும் ஒன்று கட்டித்தரச் சொன்னார். இரண்டு நாள் அவர் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அமுக்கி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, காயவைத்து அனுப்புகிற வேலை. இன்று சொன்னால் நாளை கிடைக்காது. வாடிக்கையாளர் விசாரிக்கிறார், சதுர அடிக்கு விலை கேட்கிறார், மாதிரி கேட்கிறார், இரண்டு மாதம் பேசாமல் இருக்கிறார், பிறகு திடீரென்று அவசரம் என்கிறார். நண்பர், அவர் மனைவி, சென்னையில் இருக்கும் தம்பி என மூவரும் மூன்று இடங்களில் போன் எடுக்கிறார்கள். யார் யாருக்கு என்ன விலை சொன்னார் என்பது மற்றவருக்குத் தெரியாததுதான் அவர்களுடைய இழப்பு. அங்கே ஓர் ஆள் ஓர் ஆள்தான். அவர் ஒரு கட்டட நிறுவனத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். விசாரணை, விலைப்பட்டியல், ஆர்டர் என்ற படிகள் உலகம் முழுதும் ஒன்றேதான். ஆயத்த மென்பொருள் அந்த வேலைக்கென்றே பிறந்தது. நான் கட்டித்தர மறுத்து, வாங்கச் சொன்னேன். எட்டு மாதமாக நிம்மதியாக நடக்கிறது. அவருக்கு நான் கட்டியிருந்தால், கைபேசியில் நினைவூட்டல் வரவழைக்கவே ஓராண்டு போராடியிருப்பேன்.

இரண்டில் எதைத் தேர்ந்தாலும், காசு கொடுப்பதற்கு முன்னால் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுகிறேன். முதலாவது: இலவசமாகத் தரும் சோதனைக் காலத்தில் எளிய பெயர்களை ஏற்றிப் பார்த்து மயங்கக்கூடாது. இருப்பதிலேயே சிக்கலான பத்தை எடுக்கவேண்டும். எங்களுக்கு அவை ஒரே பெயருடைய ஐயாவும் பேரனும், சுவீகாரம் போனவர், எட்டு இலக்கச் சிங்கப்பூர் எண் வைத்திருப்பவர், பெயரைத் தமிழில் மட்டுமே எழுதுகிறவர், 1/15 பங்குக்காரர். இந்தப் பத்தும் வளையாமல் உட்கார்ந்தால் மீதியும் உட்காரும்.

இரண்டாவது: ஏற்றிய அன்றே அந்தப் பத்தையும் வெளியே எடுத்துப் பார்க்கவேண்டும். உள்ளே கொண்டுபோகும் வழியை எல்லா விற்பனையாளர்களும் காட்டுவார்கள். வெளியே கொண்டுவரும்போதுதான் உண்மை தெரியும். நாங்கள் பழைய மென்பொருளிலிருந்து வெளியேறியபோது பெயர்களும் எண்களும் வந்தன. யாருக்கு யார் உறவு என்ற இணைப்புகள் ஒன்றுகூட வரவில்லை, பேசிய குறிப்புகள் தேதியை இழந்து வந்தன. தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரிந்ததைக் கண்டு முதலில் பதறினேன். தரவு கெடவில்லை, சிஎஸ்வி கோப்பை நேரடியாகச் சொடுக்கித் திறந்ததால் வந்த வினை. எக்செலுக்குள் போய், இறக்குமதி செய்யும் வழியில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைக் குறிப்பிட்டுத் திறந்தபோது எல்லாம் சரியாக வந்தன.

தரவு எங்கே இருக்கிறது என்ற கேள்வியையும் பங்காளிகள் கேட்டார்கள், கேட்கவேண்டியதுதான். பிறந்த நாளும், பங்கு விவரமும், வெளிநாட்டு முகவரியும் ஒரே இடத்தில் இருக்கும் பட்டியல் அது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று நாட்டில் சட்டமே வந்துவிட்டது. கைபேசிக்குப் போகும் பட்டியலில் பங்கு விவரத்தையும் பிறந்த நாளையும் நான் சேர்ப்பதில்லை.

இந்த ஆண்டின் அச்சுப் படி போன வாரம் ஆத்தாவிடம் போயிற்று. இரண்டு இடங்களில் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பித் தந்திருக்கிறார். ஒன்று, பினாங்கில் இருப்பவர்களுக்கு வீடு மாறிவிட்டதாம். மற்றொன்று, தை மாதம் கல்யாணமான பிள்ளை இன்னும் தன் அப்பச்சியின் புள்ளியிலேயே நிற்கிறான். பழைய வரியில் முடிவு நாளை இட்டு, 44ஆவது புள்ளியை நேற்று இரவு திறந்துவிட்டேன்.